புகைச்சட்டி வைத்த மூலை

என் வீட்டுக்காரருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போன பங்குனிவரை இருந்தது. எப்படிப் போனது என்று கேட்பவர்களிடம் சர்க்கரை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன். சர்க்கரைதான், பொய்யில்லை. ஆனால் முழுசாகச் சொல்வதென்றால் ஈயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈயைப் பற்றிச் சொன்னால் என் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

எம்.ரெட்டியபட்டி போகிற ரோட்டின்மேல் எங்கள் வீடு. வாசலில் சிமென்ட் தளம், மேலே தகரப் பந்தல், நாலு பெஞ்சு, ஒரு மேசை. காலையில் இட்லியும் பணியாரமும், சாயங்காலம் வடையும் போடுகிறேன். பருத்தி எடுக்கப் போகிற பொம்பளைகள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நிற்பவர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள் என்று ஏழு மணியிலிருந்து பத்துமணிவரை மூச்சுவிட நேரமிருக்காது. நான் அடுப்பில் நிற்பேன். அவர் பந்தலின் வடக்கு மூலையில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து பார்சல் மடிப்பார். இருபது வருஷம் லாரியில் பஞ்சு லோடு ஏற்றி இறக்கிய கை அது. இட்லியை இலையில் அடுக்கி, பேப்பரைச் சுற்றி, நூல் போட்டு இழுத்தால் ஒன்றுகூடப் பிதுங்காது.

சர்க்கரை வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்துக்கு முன்னால் அருப்புக்கோட்டை டாக்டரம்மா அவர் பாதத்தில் ஒரு கம்பியை வைத்து வைத்து, "தெரியுதா, தெரியுதா" என்று கேட்டார். இவர் பாட்டுக்கு ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். "இவருக்குப் பாதத்துல உணர்ச்சி போயிருச்சும்மா. முள்ளு குத்துனாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. செருப்பில்லாம ஒரு எட்டு வைக்கக் கூடாது. தெனமும் நீங்கதான் காலப் பாக்கணும். சின்னப் புண்ணுன்னாலும் அன்னைக்கே ஓடியாங்க. இல்லன்னா காலு தங்காது."

அன்றிலிருந்து வடைச்சட்டியை இறக்கி வைத்ததும் எனக்கு அடுத்த வேலை அவர் கால்தான். செல்போன் லைட்டைப் போட்டு, பாதத்தை மடியில் வைத்து, விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்ப்பேன். "என்ன புள்ள, ரேகை பாக்குறயா, எப்பச் சாவேன்னு சொல்லு" என்று கேலி பண்ணுவார். "நீங்க எங்க சாவீக, என்னயக் கொண்டுட்டுத்தான் போவீக" என்பேன். ஆறு வருஷத்தில் ஒரு நாள் தவறவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. தவறியது எந்தப் பதினைந்து நாள் என்று சொல்லத்தான் சொல்கிறேன்.

எங்கள் மகளுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் குழந்தை இல்லை. திருப்பூரில் இருக்கிறாள். போகாத ஆஸ்பத்திரி இல்லை. ஏழாம் வருஷம் வயிற்றில் தங்கியதும் இவர் எங்களூர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் பங்குனிப் பொங்கலுக்குப் பதினைந்து நாள் விரதமிருந்து அக்கினிச்சட்டி எடுக்கிறேன் என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேத்தி பிறந்து, தைமாதம் அதன் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்த பிறகுதான் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம். "விரதம்னா செருப்புப் போடாம நடக்கணும். இந்த வேலிக்கருவக் காட்டுல, பங்குனி வெயில்ல, உணர்ச்சி இல்லாத காலை வச்சுக்கிட்டு நடப்பீகளா? அறிவு இருக்கா ஒங்களுக்கு?"

"ஆத்தாவுக்குச் சொன்ன சொல்லு புள்ள. பதினஞ்சே நாளு. அவ பாத்துக்கிருவா."

"அவளுக்கு இந்த ஊர்ல வேற சோலியே இல்ல பாரு, ஒங்க காலப் பாக்குறதுக்கு."

கன்னத்தில் போட்டுக்கொண்டேன் உடனே. பேத்தியை நினைத்தால் நானும் என்ன செய்வேன். சரி என்றுவிட்டேன்.

காப்பு கட்டினால் எங்கள் ஊரில் சில முறை உண்டு. கட்டியவர் கோவில் மண்டபத்தில்தான் படுக்க வேண்டும். பெண்டாட்டி தொடக்கூடாது. ஊர் எல்லையைத் தாண்டி வெளியூரில் ராத்தங்கக் கூடாது. பகலில் கடைக்கு வந்து மூலைச் சேரில் உட்கார்ந்து எப்போதும்போலப் பார்சல் மடிப்பார், மஞ்சள் வேட்டியைக் கணுக்கால்வரை இறக்கிவிட்டுக்கொண்டு. நான் மூன்றடி தள்ளி நின்று, "காலப் பாத்தீகளா" என்று கேட்பேன். "பாத்துட்டேன், ஒண்ணுமில்ல" என்பார். முகம் பார்க்கிற கண்ணாடியைக்கூட மண்டபத்துக்குக் கொடுத்தனுப்பினேன், பாதத்துக்கு அடியில் வைத்துப் பார்க்கச் சொல்லி. அதில் பார்த்தாரோ, மீசையைத்தான் முறுக்கிக்கொண்டாரோ.

ஈ வந்தது காப்பு கட்டிய ஆறாம் நாளிலோ ஏழாம் நாளிலோ. திறந்தவெளிக் கடையில் ஒன்றிரண்டு ஈ இருக்கத்தான் செய்யும், துண்டால் தட்டினால் போய்விடும். இது அப்படியில்லை. வந்து அப்பியது. தினமும் பாலவனத்தத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு ஆள், எங்கள் கடையில் மூன்று வருஷமாகச் சாப்பிடுகிறவர், அன்றைக்கு வடக்கு மூலைப் பெஞ்சில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டவர், ஒரு கையால் வீசிக்கொண்டே இருந்தார். பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தட்டை எடுக்கும்போது எனக்கு மானம் போன மாதிரி இருந்தது.

அன்றே ஆரம்பித்தேன். எலுமிச்சம்பழத்தை ரெண்டாக வெட்டி அதில் கிராம்பைக் குத்தி மேசைக்கு ஒன்றாக வைத்தேன். ஒரு பெரியவர் அதை எடுத்து ஊறுகாய் என்று வாயில் வைக்கப் போனார். மகளுக்குப் போன் போட்டால் அவள் நாலு வீடியோ அனுப்பினாள். அதில் ஒன்று பாலிதீன் பையில் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடச் சொன்னது. ஈ அதில் தன்னைப் பார்த்து மிரண்டு ஓடுமாம். ஆறு பை தொங்கவிட்டேன். எங்களூர் ஈ மிரளுகிற ஈயா? பையின்மேலேயே உட்கார்ந்தது. ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன், "என்னக்கா, கடையில தண்ணிப் பாக்கெட்டும் விக்கிறீகளா" என்று கேட்டான். அப்புறம் கற்பூரத்தைப் பொடித்து வேப்பெண்ணெயோடு வெந்நீரில் கலந்து தரையெல்லாம் தெளித்தேன். மஞ்சளும் கல்லுப்பும் கரைத்துத் துடைத்தேன். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி, கருப்பட்டிப் பாகை ஊற்றி வேலியோரம் வைத்தேன். அதில் விழுந்தது பாதி, விழாதது பாதி.

கடைசியில் ஈ அடங்கியது புகைக்குத்தான். பழைய மண்சட்டியில் தேங்காய் மட்டையைப் பற்றவைத்து, பச்சை வேப்பிலையும் நொச்சியும் போட்டு, மேலே ஒரு கைப்பிடி சாம்பிராணியைத் தூவினால் அரை மணி நேரத்துக்கு ஒன்றுகூட அண்டாது. எந்த மூலையில் ஈ அதிகம் என்று பார்த்தேன். வடக்கு மூலை. அவர் உட்கார்ந்திருந்த மூலை. விரதமிருக்கிற மனுஷனை ஈ மொய்க்கிறதே என்று பாவமாக இருந்தது. சட்டியைக் கொண்டுபோய் அவருடைய வலது பக்கத்தில், சேரை ஒட்டினாற்போல வைத்தேன். தினமும் கடையைத் திறந்ததும் முதல் வேலை அதுதான். அணைந்தால் மறுபடி போடுவேன். பத்துமணிக்குள் நாலு தடவை போட்டிருக்கிறேன். கண் எரிந்து அவருக்குத் தண்ணீர் வழியும். ஒரு நாளும் தள்ளி வை என்று சொல்லவில்லை.

வேப்பிலை, நொச்சி, சாம்பிராணி, கற்பூரம், கிராம்பு. என் மூக்குக்கு அந்த நாட்களில் வேறு எந்த வாசனையும் எட்டவில்லை. எட்டியிருந்தால் என் வீட்டுக்காரர் கால் இருந்திருக்கும்.

வடக்கு மூலையில் ஏன் அவ்வளவு ஈ என்பதற்கு நான் ஒரு காரணம் வைத்திருந்தேன். வடக்கு வேலிக்கு அந்தப் பக்கம் மதினி வீடு. சொந்தத்தில் இவருக்கு அக்கா முறை, எனக்கு மதினி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பதினோரு ஆடு வைத்திருந்தாள். வேலியை ஒட்டித்தான் கொட்டில். புழுக்கை அங்கே குவிந்து கிடக்கும். வேறெங்கிருந்து ஈ வரும்? இதைவிட ஒரு சாட்சி வேண்டுமா?

வேலியோரம் நின்று நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். "மதினி, கொட்டிலக் கொஞ்சம் கூட்டி அள்ளுங்களேன். கடையில ஒரு ஆளு உக்கார முடியல."

"தெனமும் ரெண்டு நேரம் அள்ளத்தானத்தா செய்றேன்."

"அள்ளுனா ஈ எங்கிட்டிருந்து வருது? வானத்துலருந்தா?"

"பதினஞ்சு வருசமா இங்கினதான் ஆடு கெடக்கு. இம்புட்டு நாளு வராத ஈ இப்ப வருதுன்னா ஒங்கடையிலதான் எதுவோ கெட்டுக் கெடக்குன்னு அர்த்தம். போய் அதப் பாரு. காப்பு கட்டியிருக்கிற நேரத்துல ஆத்தா எலையப் போட்டுக் கொளுத்திக்கிட்டு, வந்துட்டா பேச."

என் கடையில் கெட்டுக் கிடக்கிறதா! பத்துப் பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் காது கேட்க. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. என்னென்ன பேசினேன் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிள்ளை இல்லாதவளுக்கு ஆட்டுப் புழுக்கைதான் துணை என்றுகூடச் சொன்னேன். ஏழு வருஷம் பிள்ளையில்லாமல் என் மகள் பட்ட பாட்டைப் பார்த்தவள் சொன்னேன் அதை. இவர் மூலையில் தலையைக் குனிந்து நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தார். அக்காவை இப்படிப் பேசாதே என்று அதட்டுவார் என நினைத்தேன். வாயே திறக்கவில்லை. விரதத்தில் இருக்கிறார், சண்டைக்குள் வரமாட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாளே மதினி ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்க் கண்மாய்க்குள் இருக்கிற கருவக்காட்டில் பட்டி போட்டுவிட்டாள். போகும்போது என் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

ஈ குறையவில்லை. ஆடு போய் மூன்று நாள் ஆகியும், புகை அடங்கியதும் அதே மூலையில் அதே மொய்ப்பு. அப்போதாவது யோசித்திருக்கலாம். ஆடு போனாலும் கொட்டில் மண் அப்படியேதானே இருக்கிறது, மழை பெய்தால்தான் போகும் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் எல்லாமே அதற்குச் சாதகமாகத்தான் தெரியும்போல. இன்னும் ஒரு கட்டு நொச்சி ஒடித்துக்கொண்டு வந்தேன்.

பொங்கல் அன்று நடுப்பகலில் அக்கினிச்சட்டி கிளம்பியது. கண்மாய்க்கரையில் எடுத்து, ஊர் சுற்றி, கோவிலில் போய் இறக்க வேண்டும். வழியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் சட்டி எடுப்பவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போது யாரும் ஊற்றலாம், பெண்டாட்டியும் ஊற்றலாம். நான் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரோடு எங்கள் வாசலில் நின்றேன். கொட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. இவர் இரண்டு கையிலும் சட்டியை ஏந்தி, முகமெல்லாம் வேர்த்து, சிரித்தபடி வந்தார். அவ்வளவு அழகாக அவரை நான் பார்த்ததில்லை. நொண்டவில்லை. வலி தெரிகிற காலாக இருந்தால்தானே நொண்டுவதற்கு. குனிந்து அவர் பாதத்தில் தண்ணீரை ஊற்றினேன். பதினைந்து நாளில் அப்போதுதான் அந்தப் பாதத்துக்கு நேராகக் குனிகிறேன். அவர் என்னைத் தாண்டி நாலு எட்டு வைத்துப் போனார்.

சிமென்ட் தளத்தில் ஈரப் பாதம் பதிந்திருந்தது. இடது பாதம் வெறும் மஞ்சள் தண்ணீர். வலது பாதத்தில் ஈ வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு வலது பாதத்திலும். இடதில் ஒன்றுகூட இல்லை.

குடம் என் கையிலிருந்து நழுவிவிட்டது. நிமிர்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் மதினி. அவளும் தன் வாசலில் ஊற்றுவதற்குக் குடத்தோடு நின்றிருந்தாள். நான் பார்த்ததை அவளும் பார்த்துவிட்டாள். இவர் அவள் வாசலுக்கு வந்ததும் தண்ணீரை ஊற்றிவிட்டு அப்படியே குத்தவைத்து, அவர் நடக்க எடுத்த வலது காலைக் கீழிருந்து பார்த்தாள். பார்த்ததும் எழுந்து அவரை மறித்துவிட்டாள்.

"தம்பி, சட்டிய எறக்கு. காலு போச்சுடா. சட்டிய எறக்கு."

"கோயில்ல போயித்தாங்கா எறக்குவேன்."

மதினி என் பக்கம் திரும்பிக் கத்தினாள். "என்னத்தா நிக்கிற? கருத்துப்போயிக் கெடக்கு. இப்பவே ஆட்டோவப் பிடிச்சு அருப்புக்கோட்டைக்குத் தூக்கிட்டுப் போ. ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா. நான் சொல்றேன், போ."

கொட்டு நின்றுவிட்டது. ஊரே என்னைப் பார்த்தது. என் கடையில் சாப்பிடுகிறவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். என் கடையில்தான் எதுவோ கெட்டுக் கிடக்கிறது என்று மதினி சொன்னபடியே ஆகிவிட்டது. அந்த நேரத்தில் எனக்கு அவர் கால்தானே பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. இவள் சொல்லி நான் கேட்பதா என்றுதான் வந்தது.

"எல்லாம் எங்களுக்குத் தெரியும் மதினி. பதினஞ்சு நாளா நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம். நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

சொல்லிவிட்டு இவரைப் பார்த்து, "நீங்க நடங்க" என்றேன். இவர் நடந்தார். கோவில் அரை மைல் இருக்கும்.

சட்டியை இறக்கிய பிறகு கோவிலுக்குப் பின்னால் உட்காரவைத்து, காலைத் தூக்கிப் பார்த்தேன். காப்பாவது ஒன்றாவது. பாதத்தின் நடுவில் ஒரு குழி, அதற்குள் ஒடிந்த கருவமுள், சுற்றிலும் மஞ்சளும் குப்பைமேனியும் அரைத்து அப்பிய பற்று, இரண்டு விரலின் அடிப்பக்கம் கருப்பு. அழுகைகூட வரவில்லை. "கிளம்புங்க" என்று மட்டும் சொன்னேன். "போனா அட்மிட் பண்ணிருவாக புள்ள. வெளியூர்ல ராத்தங்குனா முறை தப்பிப்போகும். நாளைக் காலையில காப்பு அவுத்ததும் போவோம். இம்புட்டு நாளு இருந்தது, ஒரு ராத்திரில என்ன ஆயிரப்போகுது" என்றார். பேத்திக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்று எனக்கும் உள்ளுக்குள் பயம். சரி என்றேன். இரண்டாவது தடவையாகச் சரி என்றேன்.

காலையில் காப்பு அவிழ்க்கும்போதே அவருக்குக் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது. அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டர், கையெழுத்து வாங்கும்போது, "நேத்து வந்திருந்தா வெரலோட நின்னிருக்கும்மா" என்றார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. உள்ளதைச் சொன்னார். அந்தப் பேப்பரில் நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாசம் கழித்து வீட்டுக்கு வந்தோம். அவர் ஆள் அவராக இல்லை. வெளியே வரமாட்டேன் என்று உள்ளறையிலேயே கிடந்தார். ஒரு இட்லியைக் கொடுத்தால் பாதியைத் தள்ளி வைத்துவிடுவார். பேத்தியைத் தூக்கிக்கொண்டு மகள் வந்திருந்தாள், அதன் முகத்தைப் பார்த்துக்கூடச் சிரிக்கவில்லை. "என்னயப் போட்டுட்டு நீங்கள்லாம் போங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். மகள் ஊருக்குப் போன பிறகு எனக்கு இருந்தது ஒரே பயம்தான். காலைக் கொடுத்தோம், ஆளையும் கொடுத்துவிடுவோமோ என்று.

கடையை மறுபடி திறந்து நாலைந்து நாள்தான் இருக்கும். வடக்கு மூலையில் ஒரு ஈ இல்லை. புகை இல்லை, எலுமிச்சை இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு அந்த மூலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மதினி இவரைப் பார்க்க வந்தாள். அவ்வளவு பேச்சுப் பேசியும் வந்தாள். கையில் ஒரு தூக்குவாளி, கம்மங்கூழ். கருவக்காட்டில் பட்டி போட்ட இரண்டாம் வாரம் தெருநாய்கள் புகுந்து மூன்று ஆட்டைக் கடித்துப் போட்டதும், மிச்சத்தை அவள் விற்றுவிட்டதும் எனக்கு முன்னமே தெரியும். அதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்க வார்த்தையைத் தேடிக்கொண்டு நின்றேன். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். மதினி, எனக்குத் தெரியாது, தெரியாமல் உங்களைப் பேசிவிட்டேன் என்று.

"ஏந்தம்பி, புண்ண வச்சுக்கிட்டு இவகிட்டக்கூடச் சொல்லாம இருந்துட்டயேடா" என்றாள் மதினி.

அவர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார்.

"இவளுக்கா தெரியாது? என்னயவிட இவளுக்குத்தாங்கா மொதல்ல தெரியும். வாடை வந்ததும் பொகச்சட்டியக் கொண்டாந்து எங்காலுக்குப் பக்கத்துல வச்சா. ஒரு வார்த்த கேக்கல. தெனமும் வச்சா. அணைய அணையப் போட்டா. எனக்கு அப்பவே வெளங்கிருச்சு. எம்புருசன் நேர்த்தி நல்லபடியா முடியட்டும், ஒருத்தர் வாயில விழுந்துறக் கூடாதுன்னு மனசக் கல்லாக்கிக்கிட்டு மறைக்கிறான்னு. அன்னைக்கு ஒங்ககிட்டக்கூடச் சொன்னாளே, எல்லாம் எங்களுக்குத் தெரியும்னு. அவ அப்பிடி இருந்ததுனாலதாங்கா நான் சட்டியெடுத்து முடிச்சேன். இல்லன்னா பயத்துலயே செத்திருப்பேன்."

குரல் உடைந்து அழுதார். இத்தனை நாளும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்திருக்கிறார். அழுகுகிற காலோடு அந்த மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கவில்லை, பக்கத்தில் நான் இருந்தேன் என்று.

மதினி மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"தெரியுமா ஒனக்கு?"

நான் அவள் கையிலிருந்த தூக்குவாளியைப் பார்த்தேன்.

"ஏத்தா, ஒன்னத்தான் கேக்கேன். ஈ எங்கிட்டிருந்து வருதுன்னு தெரிஞ்சேதான் எங்கொட்டிலச் சொன்னயா? தெரிஞ்சேதான் எம்பிள்ளையில்லாத வயித்தச் சொன்னயா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் மதினி உறவு எனக்கு மிஞ்சும். அவர் கட்டிலில் முட்டுக்கொடுத்து எழுந்து உட்கார்ந்து, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும் மதினி" என்றேன்.

மதினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கூழை எங்கள் சட்டியில் ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவக்கூட நிற்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் அவள் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. வேலிவரை நான் எத்தனையோ நாள் போயிருக்கிறேன். அவளிடம் சொன்னால் ஊருக்குத் தெரியும், ஊருக்குத் தெரிந்தால் இவருக்குத் தெரியும் என்று திரும்பி வந்துவிடுவேன்.

அன்றைக்கு அவள் போனதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்காக அக்காவையே பகைச்சுக்கிட்டயே புள்ள" என்றார். கொஞ்ச நேரம் கழித்துப் பசிக்கிறது என்றார். நாலு இட்லி வைத்தேன். நாலையும் சாப்பிட்டுவிட்டு இன்னும் ஒன்று கேட்டார்.